எனக்குத் தெரியாமல் நடந்த என் பிரியாவிடை

என்னை உயிரோடு, வேலையோடு, சம்பளத்தோடு உட்காரவைத்து மாலை போட்டு வழியனுப்பியவர்கள் இன்றைக்கும் என்னோடு அதே அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள். தினமும் காலையில் நான் அவர்கள் முகத்தில் விழிக்கிறேன். அவர்களும் என் முகத்தில் விழிக்கிறார்கள். இரண்டாவது விஷயம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் கடலுக்குப் பக்கத்துப் பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் அரசாங்க அலுவலகம் இருக்கிறது. பெயர் வேண்டாம். உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களுக்கு எண் கொடுத்து உட்காரவைத்து, வந்தபோது இருந்ததைவிட வயதானவர்களாக்கி வீட்டுக்கு அனுப்புகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சொச்சம் வயதில் அங்கே கிராணியாக, அதாவது எழுத்தராக, நுழைந்தேன். இப்போது ஐம்பத்தாறு. ஓய்வு வயது அறுபது. முகப்பில் வந்து நிற்கும் மலாய்க்காரப் பிள்ளைகள் என்னை முன்பெல்லாம் 'கக்' என்பார்கள், அக்கா என்று அர்த்தம். இப்போது 'மக்சிக்' என்கிறார்கள், அதாவது சித்தி. அரசாங்கம் கொடுக்காத பதவி உயர்வைப் பொதுமக்கள் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனதும் அவர் வேலையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மலாயில் இதற்கு 'மெமாங்கு' என்று பெயர். நாற்காலி உனக்கு, வேலை உனக்கு, வருகிற திட்டெல்லாம் உனக்கு. பதவி மட்டும் உனக்கில்லை. குழந்தைகள் விளையாட்டில் அழுகிற பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணி என்று சேர்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. ஆனால் ஒப்புக்குச் சப்பாணி ஓட வேண்டியதில்லை. நான் வருடக்கணக்கில் ஓடினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் இயக்குநர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, அடுத்த வருடம் இதை நிரந்தரமாக்கிவிடலாம் என்பார். முறுக்கு நான் சுட்டது.

இயக்குநரைச் சொல்லிவிடுகிறேன். தமிழர்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஜுரு கார்க் கடையில் எடுத்த புதுக் காடியில் வந்து இறங்குவார். மேடை கிடைத்தால் இளைஞர்களே இந்த இலாகாவின் எதிர்காலம் என்று ஆரம்பிப்பார். சாயங்காலம் இளைஞர்களோடு பூப்பந்து ஆடிவிட்டு மறுநாள் முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு நொண்டுவார். அவருக்குக் கிட்டத்து எழுத்து மங்கிப்போய்க் கொஞ்ச காலமாகிறது. ஆனால் வாசிக்கிற கண்ணாடி வாங்கினால் வயசாகிவிட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே. அதனால் எழுத்து பொடியாக இருந்தால் கோப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து, "அக்கா, உங்க கண்ணாடிய ஒரு நிமிஷம்" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார். என் மூக்கில் இருக்கும்வரை அது கிழவியின் கண்ணாடி. அவர் மூக்கில் ஏறினால் வெறும் கண்ணாடி.

வாய்க்கு வாய் அக்கா. எனக்கு அந்தச் சொல்லே கசந்துபோய்விட்டது. அக்காவுக்கு மரியாதை உண்டு, முதல் தட்டு உண்டு, உட்கார நாற்காலி உண்டு. கூட்டத்தில் கருத்து கேட்கும்போது மட்டும் அக்கா இல்லை. "அக்கா பாவம், அவங்களுக்கு ஏன் சிரமம்" என்று சொல்லியே ஒருத்தியைக் கறிவேப்பிலை மாதிரி ஓரமாக எடுத்துவைக்க நம் ஆட்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒருவழியாக அந்தத் தலைவர் பதவியை நிரந்தரமாக நிரப்ப நேர்முகம் வைத்தார்கள். நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். தலைக்குச் சாயம்கூட அடித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் இயக்குநர். ஒருவர், புதுக் கணினி முறை எனக்குக் கஷ்டமாக இருக்குமோ என்று விசாரித்தார். நான் தினமும் திறந்து மூடுகிற முறை அது. இன்னொருவர் மாடிப்படி ஏற முடிகிறதா என்று அக்கறையாகக் கேட்டார். எங்கள் கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்த நாளை யாரும் பார்த்ததில்லை. நான் பறந்து வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம். இயக்குநர்தான் ஒளிக்காமல் சொன்னார்.

"நாலு வருஷத்துக்கு ஒரு போஸ்ட்ட குடுத்து என்னக்கா பண்றது? அப்பறம் திரும்பவும் ஆள் தேடணும். இது உங்களுக்கு ரெஸ்ட் எடுக்கற வயசுலா."

நாலு வருடம் என்று கச்சிதமாகக் கணக்குப் போட்டுச் சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மெமாங்கு செய்ய மட்டும் எனக்கு வயதாகவில்லையா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

பதவி ஒரு தம்பிக்குப் போனது. வயது முப்பத்திரண்டு. பைராம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வருகிறவர். கெட்டவர் இல்லை, கெட்டவராக இருக்கவும் கொஞ்சம் யோசனை வேண்டும். நல்ல பல்வரிசை, எதற்கும் சிரிப்பு. அலுவலக நல மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். விருந்து, சுற்றுலா, பூப்பந்துப் போட்டி எல்லாம் அவர் ஏற்பாடு. பதவி ஏற்ற முதல் நாளே என் மேசைக்கு வந்தார். தனக்குக் கொஞ்சம் பழகவேண்டும், அதுவரைக்கும் பழைய மாதிரி அக்காவே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். ஆக, வேலை என்னிடமே இருந்தது. நாற்காலிதான் போயிற்று.

நான் மேல்முறையீடு செய்தேன். என் வயதைக் காரணமாக வைத்தே என்னை ஒதுக்கினார்கள், எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்று நேராக எழுதினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அது என்னுடையது என்று சொல்லி அந்த நாலு வருடத்தையும் முடிக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இருக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் கேண்டீனில் என் மேசை காலியாகிவிட்டது. நேற்றுவரை என் தட்டிலிருந்து அப்பளம் எடுத்தவர்கள் தூரத்தில் இருந்து தலையாட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் பாயான் பாரு தொழிற்சாலை ஒன்றில் இருந்தவர். வயதாகிவிட்டதென்று ஒரு பழக்கூடையைக் கையில் கொடுத்து அவரை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் அந்தக் கூடையோடு நின்று எடுத்த படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். அரசாங்கத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டார். சும்மா இருந்து ஜெயித்தவர்களைக் காட்டுங்கள் என்றேன். 

இலாகாவிடமிருந்து மேல்முறையீட்டுக் குழுவுக்குப் பதில் போனது. எனக்கும் ஒரு நகல் வந்தது. தேர்வில் வயது எந்தக் கட்டத்திலும் கருத்தில் கொள்ளப்படவில்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் சோறாவது நிறைய வேண்டும். இவர்கள் ஒரு கைப்பிடியில் மறைத்திருந்தார்கள். ஆனால் நேர்முகத்தில் பேசியதை யாரும் எழுதிவைக்கவில்லை. என் சொல், அவர்கள் சொல். விசாரணைக்கு அழைக்கும்வரை காத்திருந்தேன்.

இடையில் எங்கள் ஓட்டுநர் அண்ணன் ஓய்வு பெறும் நாள் வந்தது. எங்கள் அலுவலகத்தில் பிரியாவிடை என்றால் பாதிக் கல்யாணம். மேடையில் பளபளத் துணி சுற்றிய நாற்காலி, பின்னால் போகிறவர் முகம் போட்ட பெரிய பதாகை, லிட்டல் இந்தியாவிலிருந்து ரோஜா மாலை, பன்னீர். எல்லோரும் வரிசையில் வந்து கை கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரம். இனி நேரம் பார்க்கவே தேவையில்லாத ஆளுக்குக் கடிகாரம் கொடுக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. நல மன்றத்துக்கு இன்னொரு சிக்கன வழக்கமும் உண்டு. கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் போகிறவர்கள் இருந்தால் இரண்டு விருந்து வைக்காமல் ஒரே பதாகை, ஒரே பிரியாணி என்று சேர்த்து அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை முன்னும் பின்னுமாகப் போகவேண்டிய நாலு பேரை ஒரே மேடையில் அனுப்பியிருக்கிறார்கள்.

அன்றைக்கு நான் ஓட்டுநர் அண்ணனுக்காக ஜவ்வரிசிப் பாயாசம் காய்ச்சி எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடையில் இரண்டு நாற்காலி. பதாகையில் இரண்டு முகம். ஒன்று ஓட்டுநர் அண்ணன். இன்னொன்று நான்.

மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை வெட்டிவிட்டு, அவர் தோளை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'ஓய்வுக்கால வாழ்த்துகள்' என்று மலாயிலும், நமக்காகத் தமிழிலும். பாயாசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு பெண்கள் என் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கேண்டீனில் என் மேசையை விட்டு முதலில் எழுந்தவள் அவள்தான்.

ஓட்டுநர் அண்ணன் வேட்டி கட்டி, பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் குனிந்து கேட்டார்.

"நீங்களும் போறீங்களா? ஒரு வார்த்த சொல்லவே இல்லியே."

"எனக்கே இப்பத்தான்ணே தெரியும்" என்றேன்.

அந்த இடத்திலேயே எழுந்து நின்று கிழித்திருக்கலாம். வாய் துடித்தது. ஆனால் கீழே முதல் வரிசையில் ஓட்டுநர் அண்ணனின் மனைவி பட்டுச்சேலையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்த முதல் நாள் அது. அவர் விருந்தை நான் கெடுப்பதாக இல்லை. சரி, இவர்கள் எதுவரைக்கும் போகிறார்கள் பார்ப்போம் என்று மாலைக்குக் கழுத்தை நீட்டினேன்.

இயக்குநர் பேசினார். அவர் முகத்தில் ஒரு கணம்கூடக் குழப்பம் இல்லை. பதாகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேச ஆரம்பித்துவிட்டார். நான் போவதாக அவர் இத்தனை காலம் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவரே நம்பிவிட்டிருக்கிறார். அக்கா இந்த அலுவலகத்தின் தாய் என்றார். எப்போது வழிவிட வேண்டும் என்று தெரிந்தவர்களே பெரியவர்கள் என்றார். பேரப்பிள்ளைகளோடு கோயில் குளம் என்று நிம்மதியாக இருக்கவேண்டும் என்றார். எனக்குப் பேரப்பிள்ளை கிடையாது. வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். ஒருவர், ஒரே ஒருவர், இவளுக்கு இன்னும் வயதிருக்கிறதே என்று புருவத்தையாவது தூக்குவார் என்று எதிர்பார்த்தேன். யாரும் தூக்கவில்லை. பதவி கிடைக்காதபோது வந்தது கோபம். அந்த வரிசையைப் பார்த்தபோது வந்தது அழுகை. அடக்கிக்கொண்டேன். அதைக் கண்டு மனம் நெகிழ்ந்து இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். ஓட்டுநர் அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னேன். பிறகு, "எல்லாருக்கும் நன்றி. நாளைக்குக் காலையில பாப்போம்" என்றேன். மண்டபமே சிரித்தது. அக்காவுக்கு என்ன நகைச்சுவை உணர்வு என்று பேசிக்கொண்டார்கள். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

படம் எப்படிப் போனது என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தேன். தம்பி தொலைபேசியில் கேட்டாராம். ஏதோ நீண்ட சேவை விருது என்று நினைத்து இவரே அனுப்பிவிட்டாராம். உங்கள் தோளும் விழாவுக்கு வந்திருந்தது என்றேன். 

மறுநாள் எட்டு மணிக்குப் பெருவிரலைக் கருவியில் அழுத்திவிட்டு என் இடத்தில் உட்கார்ந்தேன். தம்பி காப்பிக் கோப்பையோடு வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். முதல் தடவையாகப் பல் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளியே வந்தது. என் மேல்முறையீட்டால் தன் பதவி போய்விடுமோ என்று பயந்து அவர் இயக்குநரிடம் போய் நின்றிருக்கிறார். இயக்குநர் அவர் தோளைத் தட்டி, "கவலப்படாத, அக்கா சீக்கிரம் போயிடுவாங்க" என்றிருக்கிறார். என்னைப் பற்றி யார் கேட்டாலும் அவர் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி அதை அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி நம்பிவிட்டார். நான் முன்கூட்டியே ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டதாக முடிவு கட்டி, வழக்கப்படி ஓட்டுநரோடு சேர்த்து விருந்து வைத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் ஒருவரைக் கேட்காமலே அவருக்கு விருந்து வைக்கலாம். விருந்து என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

இயக்குநர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சின்னப் பையன், ஆர்வத்தில் செய்துவிட்டான், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். மனதில் எதுவுமில்லை, அந்தப் பதாகையை மட்டும் ஞாபகத்துக்கு எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வயதானவர்கள் இப்படித்தான், சின்னச் சின்ன ஞாபகப் பொருளுக்கு ஆசைப்படுவார்கள் என்று நினைத்திருப்பார். தம்பியைக் கூப்பிட்டு, அழகாகச் சுருட்டி, ரிப்பன் கட்டிக் கொடுக்கச் சொன்னார்.

அந்த ரிப்பனோடுதான் அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

குழுவில் மூன்று பேர். எதிரில் இயக்குநரும் இலாகாவின் சார்பில் வந்த ஒரு அதிகாரியும். வயது கருத்தில் கொள்ளப்படவில்லை என்ற வாக்கியத்தை அதிகாரி வாசித்து முடித்தார். நான் எழுந்து பதாகையை மேசைமேல் விரித்தேன். மேசை போதவில்லை, ஓட்டுநர் அண்ணனின் முகம் தரையில் தொங்கியது. இன்னும் நாலு வருடம் வேலை இருக்கிற என்னை, இந்த மேல்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே, இலாகா மாலை போட்டு அனுப்பிவைத்துவிட்டது. இயக்குநர் வழிவிடச் சொல்லிப் பேசினார். இதற்குமேல் என் வயதை எப்படிக் கருத்தில் கொள்வது என்று கேட்டேன். நடுவில் இருந்தவர் என் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்ததைப் பார்த்தேன். முட்டாள்தனமாக, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அதிகாரி கூச்சமே இல்லாமல் எழுந்தார். விருந்து வைத்தது நல மன்றம். நல மன்றம் வேறு, இலாகா வேறு. இயக்குநர் அன்று பேசியது மன்றத்தின் புரவலராக, இயக்குநராக அல்ல. மன்றம் செய்த தவற்றுக்கு மன்றம் வருத்தம் தெரிவித்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நேர்முகத்தில் நாலு வருடத்தை விரல் விட்டு எண்ணிய இயக்குநர், அப்படிப் பேசியதாகத் தனக்கு நினைவில்லை என்றார். ஞாபகமறதியும் வயதின் கோளாறுதான். அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

முடிவு வந்தது. மனு தள்ளுபடி. வயதுதான் காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம். அந்தத் தாளை என் வீட்டுக்காரர் படித்துவிட்டு மடித்தார். நான் சொல்லவில்லையா என்று அவர் கேட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் ரகளைதான். கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பழக்கூடைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அந்த ஆணியில் என் கடிகாரத்தை மாட்டப் போனார். வேண்டாம், அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

இப்போது அது என் மேசைமேல் நிற்கிறது. 'நீண்ட சேவைக்கு நன்றியுடன்' என்று பொறித்த பக்கம், வருகிறவர்களைப் பார்த்து. என் தரத்துக்கு உரிய வேலை எதுவோ அதைச் செய்கிறேன், சுத்தமாகச் செய்கிறேன். அதற்குமேல் ஒரு தாளைத் தொடுவதில்லை. பிரிவின் அறிக்கைகள் தம்பியின் மேசையில் குவிந்தன. பிறகு அங்கிருந்து சரிந்தன. மேலிடத்திலிருந்து கேள்வி வர ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் இயக்குநரே கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார், பின்னால் தம்பி.

"அக்கா, இத மட்டும் கொஞ்சம் முடிச்சு குடுங்கக்கா. நீங்கதான எப்பவும் செய்வீங்க."

நான் கடிகாரத்தைக் கொஞ்சம் அவர் பக்கம் திருப்பிவைத்தேன்.

"நான்தான் போயிட்டேனே. நீங்கதான மால போட்டீங்க."

இயக்குநர் கோப்பைத் திறந்தார். பொடி எழுத்து. கையை நீட்டி எட்டப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார், மறுபடி எட்டப் பிடித்தார். முகப்பில் எண் வாங்கிக்கொண்டு காத்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மேசையின் ஓரத்தில் அவருக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன்.

"இது வேணும்னா எடுத்துக்குங்க தம்பி. வயசுக்கு இதெல்லாம் வேணும்லா."

இயக்குநர் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு இன்னும் மூன்று வருடத்துக்குமேல் இருக்கிறது. அந்த நாற்காலி கிடைக்காது என்று தெரியும். அது எனக்கு வலிக்கிறது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். அறுபது முடியும் நாளில் இவர்கள் எனக்கு இன்னொரு விருந்து வைக்க முடியாது, ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அன்றைக்கும் பெருவிரலை அழுத்திவிட்டுப் போவேன்.

புதுக் கண்ணாடி வாங்கிவிட்டேன். பழையதை அவர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.